உண்ட சோறு இறங்காமை

(சங்கரன்கோவிலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் மாதந்தோறும் பேசப்படுவன கல்வி, தொழில், திருமணச் செலவைக் குறைத்தல் முதலிய பொருள்களே என்பதை அறிவீர்கள். யாமும் இதற்குமுன் இரண்டொரு முறை இலக்கியம் பற்றியே பேசியுள்ளோம். தமிழ் கற்பிக்கும் ஓராசிரியன் இன்று நோயொன்றைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். மருத்துவம் எம் துறையன்று. ஆயினும், எம் குடும்பத்துப் பிள்ளையொருவன் பல்லாண்டுகளாகப் பட்ட துன்பத்தை யாம் எதிரில் அமர்ந்து கண்டும் அறியாதிருந்தோம்; அறியாதிருந்ததோடு அமையாது, அவனைக் கடிந்தும் பேசினோம். அப்பிழை நம்மவர் வேறெவர் இல்லத்தும் நிகழலாகாது என்னும் எண்ணமே எம்மை இங்கு நிறுத்தியது. மருத்துவர்பால் கேட்டறிந்தவற்றையும் நூல்வழித் தெளிந்தவற்றையும் சுருங்கக் கூறுவோம்.

அப்பிள்ளை எம் தமக்கையின் மகன். அவன் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றோம். சிறு பருவந்தொட்டு அவன் பந்தியில் கடைசியாக எழுபவன். பிறர் நான்கு கவளம் உண்ணும்வரை ஒரு கவளத்தையே மென்றுகொண்டிருப்பான். கவளத்துக்கொரு மிடறு தண்ணீர் குடிப்பான். சோற்றில் இரசத்தை வெள்ளமாக விட்டுக் கரைத்துக்கொள்வான். புரோட்டாவையும் ஆட்டிறைச்சியையும் மெல்ல ஒதுக்கிவிடுவான். 'மாடு அசைபோடுவதுபோலத் தின்கிறானே' என்று வீட்டார் நகைத்தனர். 'சோற்றுக்கும் இவனுக்கும் என்ன பகையோ' என்று தாய் நொந்துகொண்டாள். யாமோ, ஆசிரியர் என்னும் செருக்கினால், உண்பதிற் கருத்தில்லாதவனுக்குப் படிப்பிலும் கருத்திராது என்று அவனுக்கு அறிவுரை கூறினோம். அவன் மறுமொழி ஒன்றும் சொன்னதில்லை. எல்லோர்க்கும் சோறு அவ்வாறுதான் இறங்கும் போலும் என்று அவன் எண்ணியிருந்தானாம்! இதனை அவன் பின்னாளில் எம்மிடம் கூறியபோது யாம் தலை கவிழ்ந்தோம்.

அவனுக்குப் பதினேழு வயதானபோது எங்கள் குலதெய்வக் கோயிற் கொடை நடந்தது. கிடாவெட்டு விருந்தில், பெரியவர்கள் வற்புறுத்தியதனால் ஓர் இறைச்சித் துண்டை விழுங்கினான். அது நடு மார்பில் நின்றுவிட்டது. மூச்சு வந்தது, பேச்சும் வந்தது. எச்சில் மட்டும் இறங்கவில்லை, வாய்வழியே வழிந்தது. ஒருவர் சோற்றுருண்டையை விழுங்கச் சொன்னார். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். பின்னர்த் தொக்கம் எடுப்பவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் குழலை வைத்து ஊதி உறிஞ்சி, ஏதோ ஒரு துணுக்கைக் காட்டி, 'வந்துவிட்டது' என்றார். எச்சில் வழிதல் நிற்கவில்லை. நள்ளிரவில் ஒரு மருத்துவமனையில், எண்டோஸ்கோப்பி என வழங்கும் குழல்நோக்கியை உட்செலுத்தி அத்துண்டை எடுத்தனர்.

அங்கிருந்த மருத்துவர் எம் தமக்கையிடம் வினவியவை மூன்று. 'இவனுக்குச் சிறு வயதில் சொறியோ இழுப்போ இருந்ததா?' இருந்தது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஓயாத அரிப்பு இருந்தது. கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைப் பூசியே அவனை வளர்த்தாள். 'இதற்குமுன் குழல்நோக்கி வைத்துப் பார்த்ததுண்டா?' உண்டு. ஈராண்டுக்கு முன் வேறோரிடத்துப் பார்த்து, 'புண் ஒன்றுமில்லை' என்று கூறி அனுப்பினர். 'அப்பொழுது சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்களா?' எடுக்கவில்லை. இம்மூன்றாம் வினாவே எம் உரையின் உயிர்நிலை. அதனை விளக்கவே மேல் வருவனவற்றைக் கூறுகின்றோம்.

உணவுக்குழல் என்பது தொண்டையினின்று இரைப்பைவரை, மூச்சுக்குழலின் பின்னே இறங்கும் ஒரு தசைக்குழாய். வளர்ந்தவர்க்கு ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமுடையது. நாம் விழுங்கும் கவளம் கிணற்றிற் போட்ட கல்லைப்போல் தானே விழுவதன்று. குழலின் தசைகள் மேலிருந்து கீழாக முறையே சுருங்கி அதனைத் தள்ளிச் செல்கின்றன. அக்குழல் நெகிழ்ந்து விரியுமாயின் உணவு இறங்குதலை நாம் உணர்வதேயில்லை. அது தடித்து விறைத்துப்போனால் ஒவ்வொரு கவளமும் ஒரு போராட்டமாகின்றது.

இனி, அதனை விறைக்கச் செய்வது யாது? நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு இயோசினோபில் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1879ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தறிந்தார். இயோசின் என்னும் செந்நிறச் சாயத்தை விரும்பி ஏற்பதனால் அப்பெயர் பெற்றது. இயோஸ் என்பது யவனர் தம் வைகறைத் தெய்வத்துக்கு இட்ட பெயர். அச்சொல்லின் அடியாகவே சாயத்தின் பெயர் பிறந்தது. வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே இவ்வகை இருக்கும். உடலிற் புகும் புழுக்களை எதிர்த்தல் இதன் தொழில்களுள் ஒன்று. குடலில் இவ்வணு இயல்பாகவே உண்டு. உணவுக்குழலின் தோலிலோ இயல்பாக இராது. இராத இடத்தில் அது திரண்டு தங்கித் தன் நச்சுப்பொருள்களைக் கக்குமாயின், குழல் வீங்கி அழற்சியுறும். இதுவே இயோசினோபிலிக் ஈசோபஜைட்டிஸ் என்று மருத்துவர் கூறும் நோய்; யாம் இயோசினோபில் உணவுக்குழல் அழற்சி என்போம்.

'ஈஸ்னோபீலியா' என்னும் சொல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஆதலின் ஒரு மயக்கத்தை இங்கே நீக்குதல் வேண்டும். அன்று சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த மதனப்பள்ளிக்கருகில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்த பிரிமாட்-மோலர், பார்ட்டன் என்னும் இருவர், காசநோய்போலத் தோன்றி இவ்வணு மிகுதலோடு கூடிய ஒரு நுரையீரல் நோயை 1940ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். 1943இல் வைங்கார்ட்டன் என்பார் அதற்கு வெப்பநாட்டு ஈஸ்னோபீலியா என்று பெயரிட்டார். யானைக்கால் நோய்க்குரிய புழுக்களே அதன் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குரிய புழுமருந்தும் கிடைத்தது. அந்நோய் வேறு, இந்நோய் வேறு. இது புழுவால் வருவதன்று, புழுமருந்தால் தீர்வதுமன்று. குருதியில் இவ்வணுவின் தொகை இயல்பாக இருக்கும்போதே உணவுக்குழலில் அது நிறைந்திருத்தல் கூடும். ஆதலின், 'இரத்தத்தில் ஈஸ்னோபீலியா இல்லை' என்று ஆறுதல் கொள்ளற்க.

இந்நோய் தனி நோயென்று உலகுக்குத் தெரிந்து நெடுங்காலமாகவில்லை. 1993இல் அட்வுட் என்பாரும் 1994இல் சுவிட்சர்லாந்தின் ஸ்டிராமன் என்பாரும், தத்தம் உடனுழைப்பாளரோடு, விழுங்க இடர்ப்பட்ட நோயாளர் சிலரை ஆராய்ந்து இதனைப் பிரித்துக் காட்டினர். 1995இல் கெல்லி என்பாரும் அவர் துணைவரும், பத்துக் குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிக்கப்பட்ட நீருணவை மட்டும் கொடுத்தனர். எல்லோரும் நலம் பெற்றனர், அல்லது தேறினர். பழைய உணவுகளை மீளக் கொடுத்தபோது நோய்க்குறிகளும் மீண்டன. உண்ணும் உணவே இந்நோயைத் தூண்டுகின்றது என்பது அதனால் விளங்கியது. சொறி, இழுப்பு, தும்மல் ஆகிய ஒவ்வாமைகள் உடையாரிடத்தே இது மிகுதியாகக் காணப்படுதலும், பெண்டிரினும் ஆடவரையே மிகுதியும் பற்றுதலும் கண்டறியப்பட்டுள்ளன. எம் மருமகன் கைமடிப்பிலிருந்த அரிப்பும் அவன் மார்பில் நின்ற கவளமும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதை யாம் அறிந்தது இவ்வாறே.

வயதுக்கேற்ப இதன் குறிகள் வேறுபடும். கைக்குழந்தைகளும் சிறுவர்களும் உணவை மறுப்பர்; அடிக்கடி வாந்தியெடுப்பர்; வயிற்றுவலி என்பர்; எடை ஏறார். இளைஞர்க்கும் வளர்ந்தவர்க்கும் கெட்டியுணவு இறங்காமையும், இறைச்சி முதலியன இடையில் அடைத்துக்கொள்ளுதலும் தோன்றும். சிலர்க்கு மார்பெரிவும் உண்டு. இவற்றினும் நுண்ணியது, நோயாளர் தம்மையறியாமல் நோயை மறைத்துக்கொள்ளும் திறமை. நெடுநேரம் மெல்லுதல், கவளந்தோறும் நீர் குடித்தல், சிறு சிறு துண்டாக்குதல், கெட்டியானவற்றைத் தவிர்த்தல், விருந்துக்குச் செல்லாமலே இருத்தல் என்பன அத்திறமையின் வகைகள். 'உனக்கு விழுங்க இயலவில்லையா?' என்று கேட்டால் 'இயல்கிறது' என்றே சொல்வர். 'தண்ணீரில்லாமல் உண்ண முடியுமா? எல்லோரும் எழுந்தபின்னும் நீ ஏன் அமர்ந்திருக்கிறாய்?' என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

மறைந்திருக்கும் காலம் வீண் காலமன்று. கேடு வளரும் காலம். அழற்சி நீடிக்குமிடத்துத் தழும்பு உண்டாகும். தழும்பு குழலைச் சுருக்கும். சுவிட்சர்லாந்தில் 200 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்கொன்று நம் கருத்துக்குரியது. நோய்க்குறி தோன்றி ஈராண்டுக்குள் நோயறியப்பட்டோரில் நூற்றுக்கு 17 பேருக்கே குழற்சுருக்கம் இருந்தது. இருபதாண்டுக்கு மேற்பட்டு அறியப்பட்டோரில் நூற்றுக்கு 71 பேருக்கு இருந்தது. இந்நோய் புற்றாக மாறுவதாகத் தெரியவில்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும் உண்ணும் இன்பத்தையும் பலரோடு அமர்ந்து உண்ணும் துணிவையும் இது பறித்துவிடும்.

நோயறியும் வழிக்கு வருவோம். குழல்நோக்கியாற் பார்க்கும்போது வளையங்கள், நெடுக்குவாட்டில் ஓடும் வரிப்பள்ளங்கள், வெண்புள்ளிகள், வீக்கம், சுருக்கம் என்பன தென்படலாம். சிலர்க்கோ கண்ணுக்குக் குறையொன்றும் தோன்றாது. எம் மருமகனுக்கு முதன்முறை நிகழ்ந்தது இதுவே போலும். ஆதலின், பார்த்த அளவில் அமையாது, குழலின் மேற்பகுதியினின்றும் கீழ்ப்பகுதியினின்றும் குறைந்தது ஆறு சிறு சதைத் துணுக்குகளேனும் எடுத்து நுண்ணோக்கியிற் காணல் வேண்டும். இதனையே பயாப்ஸி என்பர். அச்சொல்லைக் கேட்டவுடன் புற்றுநோயென்று அஞ்சுவார் நம்முட் பலர், அவ்வச்சம் வேண்டா. உயர்நோக்குடைய ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில் அணுக்கள் காணப்பட்டு, விழுங்கற்குறையும் இருந்து, பிற காரணங்களும் நீக்கப்படின், இந்நோய் என்று துணிவர். இரைப்பையின் புளிப்பு மேலேறும் நோயென்று இதனைப் பலகாலம் கருதிவிடுதல் உண்டு. தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில், புளிப்பேற்றக் குறியோடு வந்தோரைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு மூவர் அளவினர்க்கு இந்நோய் இருந்ததாகக் கண்டனர். நம் நாட்டில் இது அரிதெனினும் இல்லாததன்று.

மருத்துவம் பல வகைப்படும். முதலாவது, புளிப்புச் சுரப்பை அடக்கும் ஒமிப்ரசோல் முதலிய மாத்திரைகள். நோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு இவையே அழற்சியைத் தணிக்கின்றன. இரண்டாவது, பியூடெசொனைடு, புளூட்டிகசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துகள். இழுப்புக்கு மூச்சில் இழுக்கும் அம்மருந்துகளையே இங்கு விழுங்கச் செய்வர். குழலின் உட்புறத்தில் அவை படிந்து தங்கவேண்டும். ஆதலின் உட்கொண்டபின் அரைமணி நேரம் உண்ணலும் பருகலும் ஆகா. வாயை மட்டும் கொப்பளித்து உமிழ்ந்துவிடல் வேண்டும்; இல்லையேல் வாயிற் பூஞ்சை படரும். மூன்றாவது உணவு நீக்கம். அதனைத் தனியே கூறுவோம். சுருங்கிய குழலைக் கருவியால் விரித்துவிடுதலும் உண்டு. ஆயினும் அது வழியை அகலச் செய்யுமேயன்றி அழற்சியைத் தணிக்காது. இவையன்றி, டுபிலுமாப் என்னும் ஊசிமருந்தை அமெரிக்க அரசு 2022இல் இந்நோய்க்கு ஒப்புக்கொண்டது. அதன் விலை நம்போன்றார்க்கு மிகப் பெரிது. எம்மருந்தாயினும் நிறுத்தினால் நோய் மீளுதல் பெரும்பான்மை. எம் மருமகன் ஆறு திங்களில் நலமடைந்துவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்தினான். அடுத்த தீபாவளிக்குள் பழையபடி தண்ணீர்ச் செம்பைத் தேடத் தொடங்கினான்.

உணவு நீக்கமாவது: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகளும் நிலக்கடலையும், மீன் முதலியன என்னும் ஆறு வகையையும் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது பகை என்று தேர்தல். 2006இல் சிகாகோவில் குழந்தைகளுக்கு இம்முறையைக் கையாண்டு நற்பயன் கண்டனர். ஆறையும் நீக்குதல் இல்லறத்தார்க்கு அரிது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 129 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்குப் பாலை மட்டும் நீக்கினர். மற்றையோர்க்கு ஆறையும் நீக்கினர். பாலை மட்டும் விட்டோரில் நூற்றுக்கு 34 பேர்க்கும், ஆறையும் விட்டோரில் நூற்றுக்கு 40 பேர்க்கும் அழற்சி தணிந்தது. வேறுபாடு சிறிதாதலின், பாலிலிருந்து தொடங்குதல் தகும் என்பர். தோலிற் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை இந்நோய்க்குரிய பகையுணவைச் சரிவரக் காட்டுவதில்லை; மீளத் துணுக்கெடுத்துப் பார்ப்பதே சான்று.

தாய்மார்கள் இதனை ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். பால் என்றால் பசும்பால் மட்டுமன்று. தயிர், மோர், வெண்ணெய், நெய், பாயசம், பால்கோவா அனைத்தும் அடங்கும். கோதுமை என்றால் சப்பாத்தி மட்டுமன்று. மைதாப் புரோட்டா, இரவை உப்புமா, சேமியா, ரொட்டி எல்லாம் அதுவே. நம் திருநெல்வேலி அல்வாவோ கோதுமைப் பாலும் நெய்யும் கூடியது. கடைப் பெருங்காயத்திலும் மாவு கலப்பதுண்டு. பொட்டலத்தைப் படித்து வாங்குக. அரிசியும் உளுந்தும் கொண்ட இட்டலி தோசை, புளிக்குழம்பு, இரசம், காய்கறி என்று நம் அடுக்களை இதற்குப் பெரிதும் இடங்கொடுப்பது நற்பேறு. ஆனால் வளரும் பிள்ளைக்குப் பாலைத் தாமாகவே நிறுத்திவிடுதல் தவறு. மருத்துவரும் உணவியலறிந்தாரும் கூறியபடியே செய்தல் வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். விழுங்க இயலாமை யாவும் இந்நோயே என்று கொள்ளற்க. நடுவயது கடந்தவர்க்கு, அதிலும் வெற்றிலை புகையிலைப் பழக்கமுடையார்க்கு, நாளுக்குநாள் விழுங்கற்குறை மிகுந்து உடலும் மெலியுமாயின், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு வாரமும் தாழ்த்தலாகாது. சோகையுடைய பெண்டிர்க்கு இரும்புச்சத்துக் குறைவால் தொண்டையடியில் மெல்லிய சவ்வு தோன்றி வழியை மறித்தலும் உண்டு.

அடுத்தது, உணவு அடைத்துக்கொண்டபோது செய்யத்தக்கது. எச்சிலும் இறங்காவிடின் உடனே மருத்துவமனை செல்க. சில மணி நேரத்துள் எடுத்தாக வேண்டும். சோற்றுருண்டையும் பழமும் கொடுத்தல் அடைப்பின்மேல் அடைப்பை ஏற்றுவதாகும். தொக்கம் எடுப்போரை யாம் இகழவில்லை. கவலையுற்ற தாய்க்கு அவர்கள் ஆறுதல் கூறுகின்றனர் என்பதும் மெய். ஆயினும் உள்ளே நின்றது பழைய சோறன்று, குழலே சுருங்கியுள்ளது. அதனை ஊதி எடுத்தல் எங்ஙனம் இயலும்? மூச்சும் பேச்சும் நின்றுவிட்டால் மட்டும் அடைத்தது மூச்சுக்குழல் என்று கொண்டு, அப்பொழுதே முதுகில் ஓங்கித் தட்டுதல், பின்னின்று வயிற்றை அணைத்து உள்ளும் மேலுமாக அழுத்துதல் ஆகிய முதலுதவிகளைச் செய்தல் வேண்டும்.

வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுவோனையும் ஒரு கூறாக வைத்தார். அந்நான்காம் கூறு நாமே. சங்கத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. நம் பந்திகளில் மெல்ல உண்பவனை நகையாடற்க, வற்புறுத்தி இலையிலிடற்க. பிள்ளை உண்ணும் முறையில் மாறுபாடு காணின், கடிவதற்கு முன் வினவுக. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சென்று குழல்நோக்கிச் சோதனை செய்துகொள்ள வழிச்செலவுக்கும் இயலாதார் நம்முள் உளர். அவர்க்குச் சங்க நிதியினின்று உதவுக. செல்வோர், 'துணுக்கெடுத்துப் பார்ப்பீர்களா ஐயா?' என்று பணிவோடு கேட்க மறவாதிருக்க.

எம் மருமகன் இன்று பாலை நீக்கி, மருந்தும் உட்கொண்டு வருகின்றான். சென்ற திங்கள் எம் இல்லத்தில் அவனோடு உண்ண அமர்ந்தோம். எமக்கு முன்னரே அவன் இலையை மடித்து எழுந்துவிட்டான். அவன் செம்பில் பாதித் தண்ணீர் எஞ்சியிருந்தது. அதைக் கண்ட எம் தமக்கை ஒன்றும் பேசாது அடுக்களைக்குள் சென்றாள். யாமும் சிறிது நேரம் உண்ணாதிருந்தோம்.